விடியற்காலையில் டயாஃப்ரம் ஏன் மக்கர் செய்கிறது?

கேள்வி சுருக்கமாக இது: மிசௌரியில் இருக்கிறேன், வான்கோழி வேட்டைக்குப் புதிது. ராத்திரி வீட்டு சோபாவில் உட்கார்ந்து டயாஃப்ரம் (வாய்க்குள் வைத்து ஊதி வான்கோழிக் குரல் எழுப்பும் சின்னக் கருவி) ஊதினால் யெல்ப், அதாவது பெட்டையின் குரல், அருமையாக வருகிறது. அதையே ஏப்ரல் மாதக் காட்டில் காலை ஐந்தரைக்கு வாயில் வைத்தால் வெறும் காற்று வருகிறது, இல்லையென்றால் கீச்சென்று ஒரு சத்தம், சில நாள் குமட்டலே வந்துவிடுகிறது. வேறு பிராண்ட் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஐந்தாவது பிராண்ட் வாங்கினாலும் இதே கதைதான். ராத்திரி எட்டு மணி வாய்க்கும் காலை ஐந்தரை மணி வாய்க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பிரச்சினையில் பாதி. மீதிப் பாதி, அந்த நேரத்தில் அந்தக் கருவிக்குக் கைவராத வேலையை அதனிடம் கேட்பது. முதல் பாதியைப் பற்றி ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள், இரண்டாவதைச் சொல்பவர்கள் குறைவு.

இந்தப் பக்கமே வராதவர்களுக்காக ஒரு விளக்கம். அமெரிக்காவில் வசந்த கால வான்கோழி வேட்டை என்றால் சேவலைத் துரத்திப் போவது இல்லை; ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பெட்டையைப் போலக் குரல் கொடுத்து அதைத் தன்னிடம் வரவழைப்பது. யெல்ப் என்பது பெட்டையின் சாதாரண அழைப்புக் குரல். டயாஃப்ரம் என்பது லாட வடிவில் ஒரு சின்ன அலுமினியச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய லேடெக்ஸ் ரப்பர் ஒன்றோ இரண்டோ மூன்றோ, சுற்றிலும் டேப். இந்த ரப்பரைத்தான் ரீட் என்பார்கள். மேலண்ணத்தில் ஒட்ட வைத்து, நாக்குக்கும் ரப்பருக்கும் நடுவில் காற்றைத் தள்ளினால் ரப்பர் அதிரும், நாக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் சுருதி மாறும். கை இரண்டும் துப்பாக்கியில் இருக்கலாம் என்பதுதான் இதன் பெருமை. வான்கோழிக்கு அசைவைப் பிடிக்கும் கண் அபாரம், ஸ்லேட்டைத் (கல் தகட்டில் குச்சியை இழுத்துக் குரல் எழுப்பும் இன்னொரு கருவி) தேய்க்கிற கை நாற்பது கஜத்தில் ஆடினால் ஓட்டம் பிடித்துவிடும்.

சரி, வாய்க்கு வருவோம். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பு கிட்டத்தட்ட நின்றே போய்விடும். விழித்திருக்கும்போது சும்மா இருந்தாலே நிமிடத்துக்கு 0.3 மில்லி அளவில் சுரப்பது, தூக்கத்தில் அதில் ஒரு துளிதான். குறட்டை விடுபவர், வாயால் மூச்சு விடுபவர் என்றால் இருக்கிற ஈரமும் ஆவியாகிவிடும். மூன்றரை மணிக்கு எழுந்து, அவசரமாகக் காபி குடித்து, வண்டியில் ஹீட்டர் போட்டு ஓட்டிக்கொண்டு வந்தால் ஐந்தரை மணிக்கும் வாய் தூக்கத்திலேயே இருக்கும். டயாஃப்ரத்துக்கு இது இரண்டு வகையில் கெடுதல். டேப்புக்கும் அண்ணத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைப்பது உமிழ்நீர்ப் படலம்தான். அது இல்லாவிட்டால் காற்று மேல் பக்கமாக ஒழுகும், உங்களுக்குக் கேட்கிற அந்த வெறும் 'ஸ்ஸ்ஸ்' அதுதான். இன்னொன்று, ஒன்றுக்கு மேல் ரீட் இருந்தால் அவை காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட இரண்டு ரீட் ஒரே தடித்த ரீட் மாதிரி நடக்கும், அதை அதிரவைக்கக் கூடுதல் காற்று வேண்டும், கூடுதல் காற்று கொடுத்தால் கீச்.

காபியைப் பற்றிக் கொஞ்சம். பால், சர்க்கரை போட்ட காபி வாயில் ஒரு பிசுக்கை விட்டுவிட்டுப் போகும், அது நேராக ரீட்டில் போய் உட்காரும். கறுப்புக் காபி குடித்துவிட்டு வெந்நீரில் வாய் கொப்பளித்தால் போதும். ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் வேண்டாம், அது வாயை இன்னும் வறட்டும். காட்டுக்குப் போகிற வழியில் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுங்கள், மெல்லும்போது உமிழ்நீர் பல மடங்கு சுரக்கும். சர்க்கரை மிட்டாய் வேண்டாம். புகையிலையை உதட்டுக்குள் அடக்குகிற பழக்கம் அங்கே வேட்டைக்காரர்களிடம் சகஜம், அந்தத் துணுக்குகள் ரீட்டுக்கு நடுவில் போனால் அன்றைக்கு அந்த டயாஃப்ரம் காலி.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஏப்ரல் என்றால் ஓக் மர மகரந்தம் காற்றில் மிதக்கிற மாதம். மூக்கு அடைக்கிறது என்று ராத்திரி பெனட்ரிலோ செட்ரிசினோ போட்டுக்கொண்டு படுத்தால் காலையில் வாய் வறண்டுதான் இருக்கும், அந்த மருந்துகளின் குணம் அது, பெனட்ரிலுக்கு இன்னும் அதிகம். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படித்தான். ரத்த அழுத்த மாத்திரையை வேட்டைக்காக நிறுத்தாதீர்கள், அது பைத்தியக்காரத்தனம். ஆனால் காரணம் இது என்று தெரிந்தால் கருவியைத் திட்டுவதையாவது நிறுத்தலாம். ஒவ்வாமை மருந்தை மாற்ற முடியுமா, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே போதுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குமட்டலுக்கும் மூக்குக்கும் சம்பந்தம் உண்டு. டயாஃப்ரம் வாயில் இருக்கும்போது மூக்கால்தான் மூச்சு விட வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் தொண்டை பயந்துபோய் அந்தப் பொருளை வெளியே தள்ளப் பார்க்கும். காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கொஞ்சம் உள்ளே போனாலே ஓங்கரிக்கும் ஆட்களுக்கு இது இன்னும் மோசம், வெறும் வயிறாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு வாழைப்பழமோ ரொட்டித் துண்டோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். உப்பு நீர் ஸ்ப்ரேயால் மூக்கைச் சுத்தம் செய்யுங்கள். டேப் பின்னால் அதிகம் நீண்டிருந்தால் கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டலாம், சட்டத்தை மட்டும் தொட்டுவிடக் கூடாது. அண்ணம் குறுகலாக இருப்பவர்களுக்கென்று சின்னச் சட்டம் தனியாக விற்கிறது, பாக்கெட்டில் சிறுவர்களுக்கு என்று போட்டிருந்தாலும் கூச்சப்படாமல் வாங்குங்கள். சட்டத்தின் இரண்டு ஓரத்தையும் விரலால் லேசாகக் கீழ்நோக்கி வளைத்தால் அண்ணத்தின் வளைவுக்குப் பொருந்தும். அப்புறம், ஊதாமலேயே வாயில் வைத்துக்கொண்டு வீட்டு வேலை பார்த்துப் பழகுவதுதான் குமட்டலுக்கு நான் பார்த்த வரையில் நல்ல மருந்து, ஓரிரு வாரத்தில் வாய் அதை மறந்துவிடும்.

அடுத்தது ரப்பர். சோபா அறை 22 டிகிரி, காடு 4 டிகிரி. குளிர்ந்த லேடெக்ஸ் விறைத்துப்போகும். யெல்ப்பில் இரண்டு பாகம் உண்டு, முதலில் ஒரு தெளிவான உயர்ந்த சுருதி, அது உடைந்து கரகரப்பாகக் கீழே இறங்கும். விறைத்த ரப்பரில் அந்த உடைவு வராது, மேல் சுருதியிலேயே நின்று கிறீச்சிடும். நாதஸ்வரக்காரர் கச்சேரிக்கு முன் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திப் பதம் பார்க்கிறாரே, உபரிச் சீவாளிகளையும் வாத்தியத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறாரே, இரண்டுமே உங்களுக்கும் வேண்டியவை. வண்டியை விட்டு இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் டயாஃப்ரத்தைக் கன்னத்தின் உள்பக்கம் ஒதுக்கி வையுங்கள், அது சூடாகட்டும், ஊறட்டும். ரீட்டுகள் ஒட்டியிருந்தால் தண்ணீரில் நனைத்து மெதுவாகப் பிரியுங்கள், நகத்தால் கிள்ளிப் பிரிக்காதீர்கள். இன்னொரு டயாஃப்ரத்தைச் சட்டையின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வேட்டை உடையின் வெளிப் பையில் ராத்திரி முழுதும் வண்டியில் கிடந்ததை எடுத்து நேராக வாயில் போட்டால் அது ஐஸ் துண்டு.

ஒரு எச்சரிக்கை: வாயில் வைத்துக்கொண்டு இருட்டில் மேடு பள்ளத்தில் நடக்காதீர்கள். இடறினாலோ இருமினாலோ தொண்டைக்குள் போய்விடும். நடப்பதற்கு முன் வெளியே எடுங்கள், உட்கார்ந்த பிறகு போடுங்கள். மரத்தில் சாய்ந்தபடி கண் அசந்துவிடும் ஆட்களுக்கும் இது பொருந்தும், அது எல்லோருக்கும் நடப்பதுதான்.

உட்காரும் விதமும் ஒரு காரணம். வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தோ நின்றோ ஊதிப் பழகியிருப்பீர்கள். காட்டில் மரத்தில் சாய்ந்து, முழங்காலைத் தூக்கி, அதில் துப்பாக்கியைச் சாய்த்து, தாடை நெஞ்சில் படுகிற மாதிரி குறுகி உட்கார்ந்திருக்கிறீர்கள். காற்று வயிற்றிலிருந்து எழும்பி வர வேண்டும், அந்த நிலையில் வயிறு மடிந்து கிடக்கிறது. போதாததற்கு முகமூடி வேறு. யெல்ப்பின் உடைவுக்குத் தாடை சட்டென்று கீழே இறங்க வேண்டும், இறுக்கமான முகமூடி அதைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் பழகும்போதே தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, முகமூடி போட்டுப் பழகுங்கள். முடிந்தால் எழுந்தவுடன் பழகுங்கள். அடுக்குமாடியில் இருந்தால் அந்த நேரத்தில் காரில் போய் உட்கார்ந்து ஊதுவதுதான் அக்கம்பக்கத்தாரோடு உறவு கெடாமல் இருக்க வழி.

படபடப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நூறு கஜத்தில் சேவல் கத்தியதும் வாய் காய்ந்துபோகிறது என்றால் அது குளிரும் இல்லை, காபியும் இல்லை. பயத்திலும் பரபரப்பிலும் உமிழ்நீர் குறைவது உடம்பின் வேலை. மூச்சும் மேலோட்டமாகிவிடும். தண்ணீர் பாட்டிலை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு அப்போது தேடாதீர்கள். மூடியைத் திறக்கும்போது சத்தம் வராத பாட்டிலாக இருக்கட்டும். நாக்கு நுனியால் மேல் பல்லின் பின்பக்கத்தைத் தடவிக்கொடுத்தாலும் கொஞ்சம் ஊறும்.

இப்போது நான் சொல்ல வந்த இரண்டாவது பாதி. அந்த நேரத்தில் டயாஃப்ரத்தை யார் ஊதச் சொன்னது?

விடியலுக்கு முன் வான்கோழிகள் மரத்தில் அடைந்திருக்கும். வெளிச்சம் வரத் தொடங்கியதும் சேவல் கிளையிலிருந்தே கத்தும். பெட்டைகள் மூன்று, நான்கு ஒலிகளாக, பக்கத்து மரத்துக்குக் கேட்டால் போதும் என்கிற மாதிரி, ரொம்ப மெல்லிய யெல்ப் கொடுக்கும். மர யெல்ப் என்று அதைத்தான் சொல்வார்கள். உதயத்தை ஒட்டி இறங்கும். இயற்கையில் கத்துகிற சேவலிடம் பெட்டைதான் போகும், நாம் கேட்பது அதற்கு நேர் எதிர். அடைந்திருக்கும் சேவலிடம் நீங்கள் ஓயாமல் குரல் கொடுத்தால், அது 'பெட்டை அங்கேதான் இருக்கிறது, தானாக வரும்' என்று கிளையிலேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். அதனால் அந்த அரை மணி நேரத்துக்கு உங்களுக்கு வேண்டியது சொற்பமான, சன்னமான குரல். டயாஃப்ரத்தில் கஷ்டமானதே சன்னமாக ஊதுவதுதான். சத்தமாக ஊத யாராலும் முடியும், காற்றைத் தள்ளினால் ரப்பர் அதிர்ந்தே தீரும். குறைந்த காற்றில் அதிர வேண்டுமென்றால் ரப்பர் இளகியிருக்க வேண்டும், வாய் ஈரமாக இருக்க வேண்டும், நாக்கு சொன்னபடி கேட்க வேண்டும். மூன்றும் இல்லாத நேரத்தில் அதைக் கேட்கிறீர்கள். வரவில்லை என்றதும் காற்றைக் கூட்டுகிறீர்கள், கீச்சென்கிறது, சேவல் வாயை மூடிக்கொள்கிறது.

ஆகவே விடியலின் முதல் குரலை ஸ்லேட்டில் கொடுங்கள். உள்ளங்கை அளவு வட்டக் கிண்ணம், மேலே கல் தகடு, குச்சியை மேலே அழுத்தாமல் வைத்துச் சின்ன வட்டமாக இழுத்தால் கிசுகிசுப்பு மாதிரி யெல்ப் வரும். மென்மைக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. சேவல் மரத்தில் இருக்கும்போது, அதுவும் அரை இருட்டில், கையசைவு ஒரு பெரிய பிரச்சினை இல்லை. துப்பாக்கி மடியில் கிடக்கட்டும். அந்த நேரம் முழுக்க டயாஃப்ரம் கன்னத்தில் ஊறிக்கொண்டிருக்கட்டும். சேவல் இறங்கி நடக்கத் தொடங்கும்போது, கை அசையக் கூடாத அந்தக் கட்டத்தில், ரப்பரும் வாயும் தயாராக இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை, நேரம்தான் வேறு.

ஸ்லேட்டுக்கும் ஒரு சனியன் உண்டு, ஈரம். அது உரசலில் வேலை செய்யும் சாதனம், பனி விழுந்து கல் நனைந்தால் குச்சி வழுக்கும், விரல் எண்ணெய் பட்டாலும் அப்படித்தான். பிளாஸ்டிக் பையில் போட்டு உள்சட்டைக்குள் வையுங்கள், மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக வைத்திருங்கள். மழைத் தூறல் என்றால் ஸ்லேட்டுக்குப் பதில் கண்ணாடித் தகடும், ஈரத்தில் வழுக்காத கார்பன் குச்சியும் உதவும். பாக்ஸ் கால் எனும் மூடிபோட்ட மரப்பெட்டி இன்னும் சுலபம், ஆர்கன்சாவைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897இல் அதற்குக் காப்புரிமை வாங்கியதிலிருந்து அமைப்பு பெரிதாக மாறவே இல்லை. ஆனால் அது தூரத்துக்குச் சத்தம் கொண்டுபோவதில் கெட்டி, கிசுகிசுப்பில் சுமார். காற்று வீசுகிற நாளில் பத்து மணிக்கு மேல் எடுங்கள்.

வாயால்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருந்தால் எலும்புக் குழலைப் பாருங்கள். பெட்டை வான்கோழியின் இறக்கை எலும்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்வது, பூர்வகுடிகள் காலத்திலிருந்து இருக்கிறது. அதை ஊதுவதில்லை, உதட்டைக் குவித்து உறிஞ்ச வேண்டும். வாய்க்குள் ஒன்றும் போகாது என்பதால் குமட்டல் கிடையாது, ரப்பர் இல்லாததால் குளிரும் அவ்வளவு பாதிக்காது. பழகத்தான் நாள் ஆகும், உதடு வெடித்திருந்தால் அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான். போனில் பதிவு செய்த குரலைப் போடலாமே என்று கேட்காதீர்கள், பெரும்பாலான மாநிலங்களில் வான்கோழிக்கு மின்னணுச் சாதனம் சட்டப்படி கூடாது.

டயாஃப்ரத்தையே கொஞ்சம் சாதகமாகத் தேர்ந்தெடுக்கவும் வழி இருக்கிறது. கடையில் மூன்று ரீட், அதில் வௌவால் இறக்கை வெட்டு என்று பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை வரும், கரகரப்பு தூக்கலாக இருக்கும் என்பதால். அவை நிறையக் காற்று கேட்பவை, காலை ஐந்தரைக்கு ஆகாது. முதலில் ஒரு ரீட், அல்லது நடுவில் சின்ன வெட்டு மட்டும் உள்ள இரண்டு ரீட், அதுவும் மெல்லிய லேடெக்ஸாக, வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டில் தலைகீழாகப் போட்டுக்கொண்டு ஊதித் தவிப்பதும் நடக்கிற கதைதான். டேப்பின் மேல்பக்கத்தில் நகத்துக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஓர் அடையாளம் வெட்டி வையுங்கள். லாடத்தின் திறந்த பக்கம் பல்லை நோக்கி இருக்க வேண்டும். உள்ளே போனதும் யெல்ப்பில் ஆரம்பிக்காதீர்கள். உதட்டைப் பிரித்து 'பட்' என்று ஒற்றைக் க்ளக் இரண்டு மூன்று, அப்புறம் மெதுவாக 'சாக்... சாக்' என்று சொல்கிற மாதிரி. க்ளக்குக்குக் கொஞ்சம் காற்று போதும், பெட்டை சாதாரணமாகக் கொடுக்கிற குரலும் அதுதான், சரியாக வராவிட்டாலும் சேவல் சந்தேகப்படாது.

வாயால் ஆந்தைக் குரல் கொடுத்துச் சேவலைக் கத்தவைத்து இடம் தெரிந்துகொள்வது அங்கே ஒரு வழக்கம். கோடுபோட்ட ஆந்தையின் எட்டுத் தட்டு கூவலைக் கேட்டால் அடைந்திருக்கும் சேவல் அனிச்சையாகப் பதில் கத்தும். எழுந்தவுடன் குரல்வளையும் கட்டியிருக்கும், நடுவில் உடையும். வண்டியில் வரும்போதே தாழ்ந்த குரலில் ஹம் செய்து தொண்டையைத் திறந்துகொள்ளுங்கள், இல்லை மர ஊதல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையான ஆந்தை பெரும்பாலும் அந்த வேலையை இலவசமாகவே செய்துவிடும், முதல் ஐந்து நிமிடம் சும்மா இருந்து பாருங்கள்.

வேட்டை முடிந்ததும் டயாஃப்ரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, ரீட்டுகளுக்கு நடுவில் தட்டையான பல்குச்சி செருகி, காயவிட்டு, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெயிலும் கார் டாஷ்போர்டுச் சூடும் லேடெக்ஸைக் கொன்றுவிடும். சீசனுக்குச் சீசன் புதிது வாங்குவதுதான் உத்தமம், ஓரம் சுருண்டு, நிறம் மங்கி, பிசுபிசுப்பு வந்துவிட்டால் என்ன ஊறவைத்தாலும் தேறாது. உதட்டிலோ நாக்கிலோ அரிப்பு, வீக்கம் வந்தால் அது காலைப் பிரச்சினை இல்லை, லேடெக்ஸ் ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே எடுத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். லேடெக்ஸ் கலக்காத ரீட் போட்ட டயாஃப்ரங்களும் கிடைக்கின்றன, அவர் சரி என்றால் அதற்கு மாறிக்கொள்ளலாம்.